கடைசிக் கட்டை விழுந்ததா?

பவுலிங் என்றால் நம்மூரில் பும்ராவும் அஸ்வினும்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். இங்கே சொல்லப்போவது அந்த பவுலிங் இல்லை. பெரிய ஷாப்பிங் மால்களில், வாடகை ஷூவை மாட்டிக்கொண்டு, மூன்று விரல்களை ஓட்டைக்குள் நுழைத்து, கனமான பந்தை வழுவழு தரையில் உருட்டி, தூரத்தில் நிற்கும் பத்துக் கட்டைகளைச் சாய்ப்பார்களே, அது. நம் பிள்ளைகளுக்கு அது பிறந்தநாள் பார்ட்டி விளையாட்டு. அமெரிக்காவில் கதையே வேறு. அங்கே பல தலைமுறைகளாக அது ஃபேக்டரி தொழிலாளியின் விளையாட்டு. வாரத்தில் ஒரு ராத்திரி, முதுகில் டீம் பெயர் தைத்த சட்டையோடு கூடுவார்கள். உருட்டுவது கொஞ்சம், அரட்டை நிறைய. நம்மூர் டீக்கடை பெஞ்சுக்குக் கூரையும் ஏசியும் போட்டால் எப்படி இருக்கும், அப்படி ஓர் இடம்.

அந்தக் கட்டைக்கு ஆங்கிலத்தில் 'பின்' என்று பெயர். தமிழில் பின் என்றால் வேறு அர்த்தம் வந்துவிடும், ஆகவே கட்டை என்றே வைத்துக்கொள்ளலாம். அதில் இன்னொரு வசதியும் உண்டு. 'இந்தக் கட்டை சாயறதுக்குள்ள பேரன் கல்யாணத்தைப் பார்த்துடணும்' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். ஹாலிவுட் இயக்குநர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கட்டை சாய்வதற்கும் மனுஷன் சாய்வதற்கும் உள்ள சம்பந்தம் அவர்களுக்கும் பிடிபட்டிருக்கிறது. அதுவும் 1932-லேயே.

அந்த வருடம் வந்த படம் 'ஸ்கார்ஃபேஸ்'. இயக்கியவர் ஹோவர்ட் ஹாக்ஸ். அல் பசீனோ நடித்து 1983-ல் வந்தது இதன் மறு ஆக்கம். சிகாகோ ரவுடிக் கோஷ்டிகளின் கதை. எதிர்க் கோஷ்டித் தலைவன் காஃப்னியாக நடித்திருப்பவர் போரிஸ் கார்லாஃப். அதற்கு முந்தைய வருடம்தான் 'ஃப்ராங்கன்ஸ்டைன்' படத்தில் தலை தட்டையான அந்த உருவமாக வந்து உலகத்தையே பயமுறுத்தியவர். இதில் அவருடைய முடிவு பவுலிங் கூடத்தில் வருகிறது. ஒரே உருட்டில் பத்துக் கட்டைகளும் விழுந்தால் அது ஸ்ட்ரைக். ஸ்கோர் தாளில் அதற்கு எக்ஸ் குறி போடுவார்கள். இந்தப் படம் முழுக்க யாராவது சாகும்போது திரையில் எங்காவது ஓர் எக்ஸ் தட்டுப்படும். இங்கே ஹாக்ஸ் தனியாக மெனக்கெடவே இல்லை, ஸ்கோர் தாளே அந்த வேலையைப் பார்த்துவிட்டது.

காஃப்னி பந்தை விடுகிறான். துப்பாக்கி வெடிக்கிறது. கேமரா அவன் விழுவதைக் காட்டாமல் பந்தின் பின்னாலேயே போகிறது. கட்டைகள் சிதறுகின்றன. ஒன்று மட்டும் நிற்கிறது, தள்ளாடுகிறது, தன்னைத்தானே ஒரு சுற்று சுற்றுகிறது, பிறகு சாய்கிறது. ரத்தம் இல்லை, அலறல் இல்லை. 90 வருடங்களுக்கு மேலாகியும் அந்தச் சில நொடிகள் பழசாகவில்லை. இன்றைய படங்களில் ஸ்லோமோஷனில் ஐம்பது பேரைச் சுட்டாலும் இந்த ஒற்றைக் கட்டை தரும் திக்கென்ற உணர்வு வருவதில்லை.

சினிமாக்காரர்களுக்கு இந்த விளையாட்டு ஏன் இவ்வளவு வாகாக அமைகிறது என்பதற்கு அதன் கணக்கைப் பார்க்க வேண்டும். பந்து விடும் கோட்டிலிருந்து முதல் கட்டை வரை 60 அடி. பந்து அதிகபட்சம் 16 பவுண்டு, அதாவது சுமார் 7.25 கிலோ. கிரிக்கெட்டில் பந்து கையை விட்டுப் போன அரை நொடியில் எல்லாம் முடிந்துவிடும். இங்கே இரண்டு, மூன்று நொடிகள் அது உருண்டுகொண்டே இருக்கும். விட்டவர் ஒன்றும் செய்ய முடியாமல் நின்று பார்க்க வேண்டும். அந்த முகத்தை க்ளோசப்பில் வைத்தால் போதும், காட்சி தயார்.

இன்னொன்றும் உண்டு. கச்சிதமான ஸ்ட்ரைக்கில்கூட பந்து நேரடியாகத் தொடுவது நாலு கட்டைகளைத்தான். மீதி ஆறும் ஒன்றின் மேல் ஒன்று மோதிச் சாய்பவை. அதனால் பிரமாதமாக உருட்டிய பந்திலும் ஒரு கட்டை அசையாமல் நின்றுவிடலாம். தப்பு உருட்டியவர் மேல் இல்லை, ஆனாலும் நிற்கிறது. தொடர்ந்து 12 ஸ்ட்ரைக் அடித்தால் முழு மதிப்பெண் 300. பதினொன்று அடித்துவிட்டுப் பன்னிரண்டாவதில் ஒற்றைக் கட்டை முறைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து நொந்துபோனவர்கள் எத்தனையோ பேர்.

குழந்தைகளுக்கான கார்ட்டூன்கள் இந்த வழுக்கல் தரையை எப்போதோ பிடித்துக்கொண்டன. 1942-ல் வந்த 'தி பவுலிங் ஆலி கேட்' என்ற டாம் அண்ட் ஜெர்ரி படம் முழுக்க பவுலிங் கூடத்துக்குள்தான் நடக்கிறது. கற்கால மனிதன் ஃப்ரெட் ஃப்ளின்ட்ஸ்டோன் நுனிக்காலில் டுக்குடுக்கென்று ஓடிப் பந்து விடுவாரே, அதை 'ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ்' தொடரைப் பார்த்து வளர்ந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆட்டம் கை கூடவில்லை என்று அவர் ரகசியமாக பாலே நடனம் கற்கப் போகும் எபிசோடு ஒன்றும் உண்டு.

ஹீரோ தோற்கும் ஃபைனல்

பவுலிங் பற்றியே எடுக்கப்பட்ட விளையாட்டுப் படங்கள் குறைவு. அதில் பெயர் சொல்லும் ஒன்று, ஃபரெல்லி சகோதரர்கள் 1996-ல் எடுத்த 'கிங்பின்'. ராய் மன்சன் (வூடி ஹாரல்சன்) 1979-ல் அயோவா மாநில சாம்பியன். தோற்ற பொறாமையில் எர்னி மெக்ராக்கன் (பில் முர்ரே) அவனைப் பந்தயச் சூதாட்டத்துக்கு இழுத்துவிட்டு, மாட்டிக்கொண்டதும் கைவிட்டு ஓடிவிடுகிறான். ஏமாந்தவர்கள் ராயின் கையைப் பந்து திரும்பி வரும் இயந்திரத்துக்குள் திணிக்கிறார்கள். உருட்டும் கை போகிறது. பதினேழு வருடம் கழித்து, ரப்பர் கையும் கடனுமாகத் திரியும் ராய், ஆமிஷ் என்ற பழமைவாதக் கிறிஸ்தவ சமூகத்து இளைஞன் ஒருவனின் திறமையைப் பார்த்து அவனைப் பெரிய போட்டிக்கு அழைத்துப் போகிறான்.

ஜோக்குகளில் பாதி முகம் சுளிக்க வைக்கும், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் க்ளைமாக்ஸில் இந்தப் படம் செய்வதை நம்மூர் விளையாட்டுப் படங்களில் செய்யத் துணிகிறவர்கள் ரொம்பக் குறைவு. ஃபைனலில் ராய் தோற்கிறான். ரப்பர் கையோடு, நூலிழையில், தன் வாழ்க்கையைக் கெடுத்த அதே ஆளிடம். வில்லன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு குதிக்கிறான். கடைசி உருட்டல்களில் பில் முர்ரே நிஜமாகவே மூன்று ஸ்ட்ரைக் அடித்தார், கூட்டம் போட்ட சத்தமும் நிஜம் என்று படக்குழுவினர் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் காட்சி எடுக்கப்பட்டது ரீனோ நகரிலுள்ள நேஷனல் பவுலிங் ஸ்டேடியத்தில். 78 லேன்கள் கொண்ட அந்தக் கூடம் திறக்கப்பட்டது 1995-ல், படத்துக்கு ஒரு வருடம் முன்பு.

வீட்டுக்குள்ளே ஒரு பவுலிங் கூடம்

நாலு பேர் சேர்ந்தால்தான் பவுலிங் கூடம் களைகட்டும். ஒரே ஒருவன் மட்டும் இருந்தால்? பால் தாமஸ் ஆண்டர்சனின் 'தேர் வில் பி ப்ளட்' (2007) அந்தக் கேள்வியோடுதான் முடிகிறது. டேனியல் டே லூயிஸ் இரண்டாவது முறையாகச் சிறந்த நடிகர் ஆஸ்கர் வாங்கிய படம். எண்ணெய்க் கிணறு தோண்டித் தோண்டிப் பெரும் பணக்காரனாகிவிட்ட டேனியல் பிளெய்ன்வியூ, 1927-ல் தன் மாளிகையின் அடித்தளத்தில் இருக்கும் சொந்த பவுலிங் லேனில் குடித்துவிட்டுத் தரையில் கிடக்கிறான். வளர்த்த மகனைத் துரத்தியாகிவிட்டது. சேர்ந்து ஆட ஓர் ஆள் இல்லை. அங்கே உதவி கேட்டு வருகிறான் பழைய எதிரியான போதகன் ஈலை. முதலில் வார்த்தையால் அவனை உரித்தெடுக்கிறான் டேனியல், பிறகு பந்துகளைத் தூக்கி எறிகிறான், கடைசியில் ஒரு பவுலிங் கட்டையாலேயே அடித்துக் கொல்கிறான். 'ஸ்கார்ஃபேஸ்' படத்தில் மரணத்துக்கு அடையாளமாக இருந்த கட்டை இங்கே ஆயுதமாகவே ஆகிவிட்டது.

அந்த லேன் செட் அல்ல. பெவர்லி ஹில்ஸில் இருக்கும் கிரேஸ்டோன் மாளிகையின் நிஜ பவுலிங் லேன் அது. படத்துக்காகப் புதுப்பித்தார்கள். மாளிகையைக் கட்டியது எட்வர்ட் டொஹெனி என்ற நிஜ எண்ணெய் அதிபர், தன் மகன் நெட்டுக்காக. 1928-ல் நெட் குடும்பம் குடியேறியது. சில மாதங்களிலேயே, 1929 பிப்ரவரியில், நெட்டும் அவருடைய செயலாளரும் அதே வீட்டில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து இறந்து கிடந்தார்கள். படத்துக்கு அடிப்படையான அப்டன் சிங்ளேரின் 'ஆயில்!' நாவல் வந்தது 1927-ல். அந்த நாவலின் எண்ணெய் அதிபருக்கு டொஹெனியின் சாயல் உண்டு. எந்த எண்ணெய் அதிபரின் நிழலில் நாவல் எழுதப்பட்டதோ, அவர் கட்டிய வீட்டுக்குள்ளேயே 80 வருடம் கழித்துக் கேமரா நுழைந்திருக்கிறது. இடம் பார்த்துக் கொடுத்தவருக்கு ஒரு சபாஷ்.

'தனியாக பவுலிங்' என்ற பேச்சு அமெரிக்காவில் அதற்கு முன்பே பிரபலமாகிவிட்டது. ஹார்வர்ட் பேராசிரியர் ராபர்ட் புட்னம் 1995-ல் அந்தத் தலைப்பில் கட்டுரை எழுதினார், 2000-ல் அது புத்தகமானது. 1980-லிருந்து 1993-க்குள் பவுலிங் ஆடுபவர்களின் எண்ணிக்கை 10 சதவிகிதம் கூடியது, ஆனால் டீம் சேர்ந்து லீக் ஆடுவது 40 சதவிகிதம் குறைந்தது என்று அவர் காட்டினார். தனியாக வந்து ஆடுபவரைவிட லீக் ஆடுபவர்கள் மூன்று மடங்கு பீரும் பீட்சாவும் வாங்குவதால் கூடம் நடத்துபவர்களுக்கும் நஷ்டம் என்பது அவர் சொன்ன சுவையான தகவல். அவருடைய கவலை பீட்சா பற்றி அல்ல. அடுத்த லேன்காரரோடு ஊர் விஷயம், ஓட்டு விஷயம், ஆஸ்பத்திரி விஷயம் பேசும் பழக்கமே போய்விட்டதே என்பதுதான்.

சேர்ந்திருப்பது எப்போதும் நல்லதற்குத்தான் என்றும் சொல்ல முடியாது. 'ப்ளெசன்ட்வில்' (1998) படத்தில் ஊர்ப் பெண்கள் மாறத் தொடங்கியதும், மழை ராத்திரியில் ஆண்கள் எல்லோரும் ஒதுங்குவது பவுலிங் கூடத்தில்தான். மனைவி இஸ்திரிப் பெட்டியை மறந்ததில் சட்டையில் விழுந்த கருகல் தடத்தை ஒருவன் காட்டுகிறான். வீட்டுக்குப் போனால் சாப்பாடு இல்லை என்கிறான் இன்னொருவன். ஏதோ உலகமே கவிழ்ந்ததுபோல எல்லோர் முகத்திலும் பீதி. சிரிப்பாகவும் இருக்கும், கொஞ்சம் பயமாகவும் இருக்கும். பஞ்சாயத்துத் திண்ணை பார்த்தவர்களுக்கு அந்த முகங்கள் பழக்கமானவைதான்.

மைக்கேல் மூரின் ஆஸ்கர் வென்ற ஆவணப்படம் 'பவுலிங் ஃபார் கொலம்பைன்' (2002). கொலராடோவின் கொலம்பைன் பள்ளியில் 1999 ஏப்ரல் 20 அன்று இரண்டு மாணவர்கள் 13 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அன்று காலை அந்த இருவரும் பள்ளியின் பவுலிங் வகுப்புக்குப் போனதாக முதலில் செய்தி வந்தது. அவர்கள் கேட்ட பாட்டையும் பார்த்த படத்தையும் குற்றம் சொல்கிறீர்களே, அப்படியானால் பவுலிங்கையும் சொல்ல வேண்டியதுதானே என்பது மூரின் குத்தல். அன்று அவர்கள் வகுப்புக்கே போகவில்லை என்று பிற்பாடு விசாரணையில் தெரிந்தது. தலைப்பு மட்டும் நிலைத்துவிட்டது.

பேச விடாத டானி

இத்தனைக்குப் பிறகும், பவுலிங் படம் என்றால் உலகம் முதலில் சொல்வது ஒன்றைத்தான்: கோயன் சகோதரர்களின் 'தி பிக் லெபவ்ஸ்கி' (1998). லாஸ் ஏஞ்சலிஸில் வேலை வெட்டி இல்லாத ஒருவன் (ஜெஃப் பிரிட்ஜஸ்). எல்லோரும் அவனை 'டூட்' என்பார்கள். அதே பெயருள்ள பணக்காரர் என்று நினைத்து ரவுடிகள் அவன் வீட்டுக்குள் நுழைந்து தரைவிரிப்பை நாசம் செய்கிறார்கள். விரிப்புக்கு நஷ்டஈடு கேட்கப் போனவன் கடத்தல், பணப்பெட்டி என்று மாட்டிக்கொள்கிறான். கதை அவ்வளவுதான். அந்தக் கதையும் ஒழுங்காக எங்கும் போய்ச் சேராது. ஒவ்வொரு குழப்பத்துக்குப் பிறகும் அவன் திரும்பி வந்து உட்காரும் இடம் பவுலிங் கூடம். வியட்நாம் போருக்குப் போய் வந்த வால்ட்டர் (ஜான் குட்மன்), எதுவும் புரியாமல் குறுக்கே கேள்வி கேட்கும் டானி (ஸ்டீவ் புஸ்ஸெமி) என்று இரண்டு கூட்டாளிகள்.

லேன்களும் பந்துகளும் படம் முழுக்க இருக்கின்றன. விரல் ஓட்டைக்குள்ளிருந்து உலகம் சுழல்வதுபோல ஒரு கனவுக் காட்சிகூட வைத்திருக்கிறார்கள். டூட் வீட்டுச் சுவரில் ஜனாதிபதி நிக்ஸன் பவுலிங் ஆடும் படம் மாட்டியிருக்கிறது. ஆனால் டூட் ஒரு பந்துகூட உருட்டுவதைப் படத்தில் காட்டவில்லை. முதல் தடவை பார்ப்பவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. அவனுக்கு வேண்டியது ஆட்டம் அல்ல, அந்த நாற்காலி.

வால்ட்டருக்கு வேறு மாதிரி. எதிராளியின் கால் கோட்டைத் தாண்டிவிட்டது என்று துப்பாக்கியை நீட்டிப் புள்ளியை அழிக்க வைக்கிறான். யூத மனைவிக்காக மதம் மாறியவன், விவாகரத்தான பிறகும் சனிக்கிழமை பந்தைத் தொட மாட்டேன் என்கிறான். போரில் எல்லா ஒழுங்கும் சிதறியதைப் பார்த்து வந்தவனுக்கு, விதிமுறை என்று உறுதியாக நிற்கும் இடம் இந்த ஒரு கூடம்தான். சிரிக்க வைக்கும் பாத்திரம்தான் என்றாலும் உள்ளுக்குள் பாவமான ஆள்.

நன்றாக ஆடுவது யார்? டானி. யாரும் அவனைப் பேச விடுவதில்லை, வாயைத் திறந்தால் வால்ட்டர் அடக்குவான். அவனும் கோபித்துக்கொள்ளாமல் எழுந்து போய் ஸ்ட்ரைக் அடித்துவிட்டு வந்து உட்காருவான். ஒருமுறை மட்டும், கடைசி முறை, ஒரு கட்டை நின்றுவிடுகிறது. டானி திரும்பாமல் அதையே பார்க்கிறான். குறை ஒன்றும் தெரியாத உருட்டல், ஏன் விழவில்லை? வசனம் கிடையாது. அடுத்த காட்சியில் வெளியே பார்க்கிங்கில் சண்டை. மூன்று போக்கிரிகளை வால்ட்டர் ஒற்றை ஆளாக விரட்டுகிறான். டானிமேல் ஒரு அடிகூட விழவில்லை. மாரடைப்பு. படுத்தவன் எழுந்திருக்கவில்லை.

1932-ல் கடைசிக் கட்டை விழுந்தது, ஆள் செத்தான். 1998-ல் கடைசிக் கட்டை விழவில்லை, ஆள் செத்தான்.

அஸ்திக் கலசத்துக்கு 180 டாலர் கேட்கிறார்கள். நண்பர்கள் இருவரும் முகத்தைச் சுளித்துவிட்டு, காபித்தூள் டின் ஒன்றில் டானியின் சாம்பலை வாங்கிக்கொண்டு கடலோரப் பாறைக்குப் போகிறார்கள். வால்ட்டர் நீண்ட உரை ஆற்றுகிறான், வழக்கம்போல வியட்நாமுக்குப் போய்விடுகிறான். டின்னைத் திறந்து கொட்டினால் எதிர்க்காற்று. சாம்பல் முழுக்க டூட் முகத்திலும் தாடியிலும். அவன் வெடிக்கிறான், வால்ட்டர் கட்டிப்பிடிக்கிறான். அதன் பிறகு இருவருக்கும் போக்கிடம் ஒன்றுதான். டானிதான் இல்லை, லீக் போட்டி காத்திருக்கிறது.

'ஃபார்கோ' படத்துக்கு இரண்டு ஆஸ்கர் கிடைத்த கையோடு கோயன்கள் எடுத்த படம் இது. சுமார் 1.5 கோடி டாலர் செலவு. அமெரிக்காவில் வசூல் 2 கோடியைக்கூடத் தொடவில்லை. பிறகு வீடியோவில் பார்த்தவர்கள் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். 2002-ல் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் சுமார் 150 ரசிகர்கள் ஒன்றுகூடி 'லெபவ்ஸ்கி ஃபெஸ்ட்' நடத்தினார்கள். வேறெங்கே, பவுலிங் கூடத்தில்தான். பிறகு அது ஊர் ஊராகப் பரவியது. 2014-ல் காங்கிரஸ் நூலகம் பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலில் இதைச் சேர்த்தது.

மூன்று நண்பர்களும் உட்கார்ந்திருந்த கூடத்தின் பெயர் ஹாலிவுட் ஸ்டார் லேன்ஸ், சான்டா மோனிகா பொலிவார்டில் இருந்தது. லூயிவிலில் ரசிகர்கள் கூடிய அதே 2002-ல் அதை இடித்தார்கள். அந்த இடத்தில் இப்போது ஆரம்பப் பள்ளி நடக்கிறது.

பார்க்க நினைப்பவர்களுக்கு: 'லெபவ்ஸ்கி', 'கிங்பின்', 'தேர் வில் பி ப்ளட்' மூன்றையும் பிள்ளைகள் தூங்கிய பிறகு போடவும், கெட்ட வார்த்தையும் ரத்தமும் உண்டு. 'ஸ்கார்ஃபேஸ்' கறுப்பு வெள்ளைப் படம்தான், பெரிய பிள்ளைகளோடு பார்க்கலாம். சின்னவர்களுக்கு டாம் அண்ட் ஜெர்ரி போதும்.